புவனஸ் அயர்ஸில் எங்கள் முதல் வியாழக்கிழமை

கலியாணம் கட்டி இருபத்தைந்து வருசம் ஆகிறது, எங்கேயாவது தூரமாய்ப் போய் வருவம் என்ற கதை 2022 தொடக்கத்திலேயே எங்கள் வீட்டில் எழும்பிவிட்டது. நான் பரிஸ் என்றேன். இவர் யோசிக்கவே இல்லை. "புவனஸ் அயர்ஸ்" என்றார். பருத்தித்துறைப் பக்கம், உதைபந்தாட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஊரில் பிறந்தவர். 1986-இல் மரடோனா கிண்ணத்தைத் தூக்கியதை அயல்வீட்டு விறாந்தையில், ஊர்ப் பெடியங்கள் எல்லாரோடும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சின்ன ரீவியில் பார்த்தவர். அந்த மனுசன் விளையாடிய ஊரைக் கண்ணால் காண வேணும் என்பது இவருக்கு முப்பத்தாறு வருச ஆசை. பரிசுக்கு எப்போதும் போகலாம் என்று நானும் ஓம் என்றுவிட்டேன்.

நொவம்பர் 20, ஞாயிறு காலை போய் இறங்கினோம். ரொறன்ரோவில் குளிர் உடுப்போடு ஏறினவர்களுக்கு அங்கே இளவேனில். இவ்வளவு நேரம் பறந்தும் மணிக்கூட்டை இரண்டு மணித்தியாலம்தான் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. நேரே தெற்காலே இறங்குகிற பயணம் என்றபடியால் கொழும்புக்குப் போனால் வருகிற நித்திரைக் குழப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. இவருடைய உடுப்பு முழுக்க அதற்குள்தான். விமான நிலையத்தில் ஒரு மணித்தியாலம் நின்று படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பையோடு ரக்சி பிடித்தோம்.

ரக்சி நகரத்துக்குள் நுழைந்து ஜூலை 9 அவெனியூவில் திரும்பியபோதுதான் முதல்முறையாக அந்த நிறத்தைக் கண்டேன். ஜக்கரந்தா. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஊதா. இலையைவிடப் பூ அதிகம். தெருவோரம், காரின் கூரை, பஸ் தரிப்பிடத்து வாங்கு எல்லாம் ஊதாவாய்க் கொட்டிக் கிடந்தது. வேப்பம்பூ கொட்டின முற்றத்தைக் காலையில் கூட்ட மனம் வராமல் நின்றிருக்கிறேன், சின்ன வயதில். ஒரு முழு நகரமே அப்படிக் கூட்டாமல் கிடப்பதுபோல இருந்தது. நொவம்பர் மாதத்தில்தான் இந்த ஊர் இப்படிப் பூத்துக் குலுங்குமாம். போக நினைப்பவர்கள் வேறு மாதம் தேட வேண்டாம்.

அந்த வீதி நூறு மீற்றருக்கு மேல் அகலம். பச்சை விளக்கு ஒன்றுக்குள் கடந்துமுடிக்க எங்களால் ஏலவில்லை. நடுவிலே நின்று, இன்னொரு பச்சைக்குக் காத்திருந்துதான் கடந்தோம். நடுவில் ஒபெலிஸ்கோ, வெள்ளைத் தூண். 1936-இல், நகரம் முதன்முதலாய் அமைக்கப்பட்டதன் 400-ஆவது ஆண்டு நினைவாக ஒரு மாதத்தில் கட்டி முடித்தது, 67 மீற்றர் உயரம். எங்கள் தங்குமிடம் அதிலிருந்து பத்து நிமிட நடையில், அவெனிதா தெ மாயோவில் இருந்தது. பழைய கட்டடம், கம்பிக் கதவு வைத்த லிப்ற்.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் அர்ஜென்ரீனாவில் டொலருக்கு இரண்டு விலை. வங்கி விலை கிட்டத்தட்ட 165 பெசோ. வெளியே 300-ஐத் தாண்டி. புளோரிடா தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று "கம்பியோ, கம்பியோ" என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே நிற்பார்கள், காசு மாற்றுகிறவர்கள். உண்டியலில் ஊருக்குக் காசு அனுப்பிப் பழகின எங்கள் ஆட்களுக்கு இது விளங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். இவர் தன்னுடைய பெயருக்குத் தானே கனடாவிலிருந்து காசு அனுப்பி, அங்கே ஒரு கடையில் வரிசையில் நின்று எடுத்தார். நல்ல விலை கிடைத்தது. ஆனால் அப்போது அங்கே ஆகப் பெரிய தாளே ஆயிரம் பெசோதான், ஒறேஞ்ச் நிறத்தில், ஒர்னெரோ என்கிற குருவியின் படம் போட்டது. மூன்று டொலருக்குக் கொஞ்சம் கூட. சில நூறு டொலருக்கு ஒரு செங்கல் கனத்துக்குத் தாள் தந்தார்கள். விலைவாசி மாதாமாதம் ஏறுகிற ஊர். சாப்பாட்டுக் கடைகளில் விலைப்பட்டியல் மேல் சின்னக் கடுதாசி ஒட்டி, அதற்கு மேல் இன்னொன்று ஒட்டியிருக்கும்.

பின்னேரம் சான் தெல்மோ. ஞாயிறு என்றால் தெஃபென்சா தெரு முழுக்கச் சந்தை. கருங்கல் பதித்த ஒடுக்கமான வீதி, கிலோமீற்றர் கணக்கில் கடை. பச்சை, நீலம், ரோஸ் நிறக் கண்ணாடியில் பழைய சோடாப் போத்தல்கள், வெயில் பட்டால் நிலத்தில் நிறம் விழும். ஒரு கடையில் முன்னே நின்று ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக, இது வீட்டுக்கு வீடு சோடாத் தண்ணி கொண்டுவந்து கொடுத்த காலத்துப் போத்தல் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார்.

ஒரு வருசமாக இரவு இரவாய் ஸ்பானிஷ் படித்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் நான் படித்தது வேறு, அவர்கள் கதைப்பது வேறு. தெருவுக்கு "காயே" என்று படித்தேன், அங்கே "காஷே". நான் என்பதற்கு "யோ" என்று படித்தேன், அங்கே "ஷோ". இந்த "ஷ"வை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டால் பாதி விளங்கிவிடுகிறது. எங்களுடைய தமிழை முதன்முதல் கேட்கிற சென்னைக்காரர்கள் படுகிற பாட்டை அன்றைக்குத்தான் நான் உணர்ந்தேன்.

மாற்று உடுப்பு இல்லாதபடியால் இவருக்கு அந்தச் சந்தையிலேயே அர்ஜென்ரீனாவின் வெளிர்நீலக் கோடு போட்ட ஜேர்சி ஒன்று வாங்கினோம். அன்றைக்குத்தான் கட்டாரில் உலகக் கிண்ணம் தொடங்கியிருந்தது. ஊர் முழுக்க அந்த ஜேர்சிதான். இவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "வாமோஸ்!" என்றார்கள். ஐம்பது வயதில் இவருடைய முகத்தில் அப்படி ஒரு புழுகத்தை நான் அதிகம் கண்டதில்லை.

சந்தை முடிகிற இடத்தில் ஒரு கோப்பிக் கடை. சுவரில் ரீவி. உதைபந்து காட்டுவார்கள் என்று நினைத்து இவர் எட்டிப் பார்த்தார். ஒரு வயதான பெண்ணின் முகம். தலையில் வெள்ளைத் துணி, தாடைக்குக் கீழே முடிச்சு. கடையில் இருந்த எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பி ஊற்றுகிற பெண் கண்ணைத் துடைத்தாள். கீழே ஓடுகிற எழுத்தைக் கூட்டி வாசித்தேன்: எபே தெ பொனாஃபினி, 93 வயது, அன்று காலை காலமானார். மூன்று நாள் தேசிய துக்கம்.

"ஆரப்பா இவ?" என்று இவர் கேட்டார்.

"மே சதுக்கத்து அம்மாக்கள் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளே? பிள்ளையளைத் தேடி நடக்கிறவை. அவையின்ரை தலைவி."

இவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இவருடைய பெரியம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் கடைசி மகனைக் கையால் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்தவ. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரி 20-ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலில், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தபோது, முதல்நாளே படத்தோடு போய் இருந்தவ. இன்றைக்கும் போகிறா.

அன்றிரவு கொரியென்தெஸ் வீதியில் பீட்சா சாப்பிட்டோம். நான் மரக்கறி. மாட்டிறைச்சி நாட்டில் என்ன செய்யப் போகிறேன் என்று வெளிக்கிட முன்பு எல்லோரும் பயப்படுத்தினார்கள். ஒரு பயமும் வேண்டாம். இத்தாலியிலிருந்து வந்தவர்களின் பரம்பரை பாதி ஊர். பீட்சாக் கடைக்குக் குறைவில்லை. உள்ளே நின்றபடி சாப்பிடுகிற ஆட்களுக்கென்று ஒரு நீள மேசை. நாங்களும் நின்றோம். ஃபுகாசெத்தா என்று ஒன்று: தக்காளி இல்லை, அடியில் சீஸ், மேலே அரிந்த வெங்காயம் மலையாய். அதற்கு மேல் மஞ்சளாய் ஒரு துண்டு வைத்துத் தந்தார்கள். கடித்தேன். பழக்கப்பட்ட ருசி. இன்னொருமுறை கடித்தேன். கடலை மா! மிளகு போட்டு, எண்ணெய் விட்டு, தட்டில் ஊற்றிச் சூளையில் வேகவைத்திருக்கிறார்கள். பெயர் ஃபைனா. ஜெனோவாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று. பச்சைமிளகாய் மட்டும் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் குசினியில் சுட்டது என்று சொல்லலாம். அந்தப் பயணத்தில் நான் ஃபைனா சாப்பிடாத நாள் இல்லை.

திங்கட்கிழமை விடுமுறை நாள், வீதியில் சனம் குறைவு. ரெக்கொலேத்தா மயானத்துக்குப் போனோம். 1822-இல் திறந்தது. சுடலைக்குச் சுற்றுலா போவதா என்று இவர் முதலில் பின்னடித்தார். உள்ளே போனால் அது ஒரு சின்ன நகரம்: தெருக்கள், சந்திகள், இரண்டு பக்கமும் வீடுபோலக் கல்லறைகள், கண்ணாடிக் கதவு, உள்ளே படிக்கட்டு. முன்னாள் ஜனாதிபதி பெரோனின் மனைவி எவிற்றாவின் கல்லறையைத் தேடுவது சுலபம், சனம் போகிற பக்கம் போனால் சரி. ஒடுக்கமான ஒரு ஒழுங்கையில், கறுப்புக் கல்லில், "துவார்தே குடும்பம்" என்று எழுதிய ஒரு சாதாரண வாசல். கதவுக் கம்பியில் வாடின பூவும் புதுப் பூவும் சேர்த்துச் செருகியிருந்தது.

அவ 1952-இல் 33 வயதில் இறந்தவ. உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். 1955-இல் ஆட்சி கவிழ்ந்ததும் இராணுவம் அந்த உடலையே ஒளித்துவிட்டது. இத்தாலியில், மிலானில், வேறொரு பெயரில் புதைத்தார்கள். 1971-இல்தான் எடுத்து ஸ்பெயினில் இருந்த கணவரிடம் கொடுத்தார்கள். இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது 1976-இல். ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் பின்னால் நின்று கேட்டோம். நாட்டுத் தலைவரின் மனைவி, அதுவும் செத்த உடல், பதினாறு வருசம் எங்கே என்று தெரியாமல் இருந்திருக்கிறது. இவர் அந்தக் கம்பிக் கதவில் கையை வைத்தபடி கனநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு சாந்தா ஃபே வீதியில் எல் அத்தெனேயோ. 1919-இல் நாடக அரங்காய்த் திறந்த கட்டடம், 2000-இலிருந்து புத்தகக் கடை. மேடை இருந்த இடத்தில் கோப்பிக் கடை, பெட்டி ஆசனங்களில் இருந்து ஆட்கள் புத்தகம் வாசிக்கிறார்கள், கூரையில் ஓவியம். ஒரு புத்தகமும் வாங்காமல் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. அன்றிரவு பெட்டியும் வந்து சேர்ந்தது. ஆனாலும் அடுத்த நாளுக்கு இவர் அந்த ஜேர்சியைத்தான் எடுத்து வைத்தார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அர்ஜென்ரீனா, சவூதி அரேபியா. ஆறரைக்கே தங்குமிடத்துக்குக் கீழே இருந்த கடையில் இடம் இல்லை. பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளைகள், கழுத்துப்பட்டியோடு கந்தோருக்குப் போகிறவர்கள், ஒரு வயதுபோன அம்மா கையில் செபமாலையோடு. எல்லோருக்கும் பால்கோப்பியும் மெதியலூனா என்கிற பிறைவடிவப் பாணும். பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனல்ரி அடித்தார். கடை அதிர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை பந்து உள்ளே போயும் ஓவ்சைட். இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல்.

36 ஆட்டம் தோற்காமல் வந்த அணி. ஆட்டம் முடிந்தபோது அந்தக் கடையில் கேட்டது கோப்பி இயந்திரத்தின் சத்தம் ஒன்றுதான். ஒருவரும் கத்தவில்லை, பேசவில்லை. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டார்கள். செபமாலை அம்மா இவருடைய ஜேர்சியைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் தோளில் இரண்டுமுறை தட்டிவிட்டுப் போனா. ஆறுதல் சொல்ல வேண்டியது நாங்கள். அவ எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறா.

புதன்கிழமை லா போக்கா. துறைமுகத்தில் மிஞ்சின கப்பல் பெயின்ரை அடித்த தகர வீடுகள், கமினீத்தோ தெரு, தங்கோ ஆடுகிறவர்கள். அந்தத் தெருவில் எங்களைப்போல வந்தவர்களின் கூட்டம்தான் அதிகம். எனக்கு மனம் ஒட்டவில்லை. இவர் வந்தது பொம்பொனேராவுக்கு. மரடோனா விளையாடிய போக்கா ஜூனியர்ஸ் கழகத்தின் மைதானம். மஞ்சளும் நீலமும் அடித்த பெரிய சுவர். அன்றைக்கு ஆட்டம் இல்லை. இரண்டு நாள் கழித்து, 25-ஆம் திகதி, மரடோனா இறந்து இரண்டு வருசம். அயல் சுவர்களில் அவருடைய முகம் கீறியிருந்த இடங்களில் முன்கூட்டியே பூ வைத்திருந்தார்கள். இவர் மைதானத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் படம் எடுக்கவில்லை. கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிற ஆளைப் படம் எடுக்கலாமா?

அடுத்த நாள் வியாழன். காலையில் வேறு திட்டம் வைத்திருந்தோம். புதன் இரவே இவர் சொல்லிவிட்டார், "நாளைக்கு மூன்றரைக்கு அந்தச் சதுக்கத்துக்குப் போவமப்பா. வேற ஒண்டும் வேண்டாம்." அன்றிரவு இரண்டு பேரும் கட்டிலில் இருந்து கைபேசியில் தேடித் தேடி வாசித்தோம்.

1976 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை ஏழு வருசம். ஆட்களை வீட்டிலிருந்தும் வேலைத்தளத்திலிருந்தும் தெருவிலிருந்தும் பிடித்துப்போனார்கள். போனவர்கள் வரவில்லை. முப்பதாயிரம் பேர் என்கிறார்கள் மனித உரிமை அமைப்புகள். 1977 ஏப்ரல் 30-ஆம் திகதி, பதினான்கு தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு நேரே உள்ள மே சதுக்கத்தில் வந்து நின்றார்கள். ஆட்கள் கூட்டமாய்க் கூடக்கூடாது என்று சட்டம். பொலிஸ் வந்து "நிக்கக்கூடாது, நடவுங்கோ" என்றது. சரி என்று சோடி சோடியாய்க் கையைக் கோர்த்துக்கொண்டு சதுக்கத்து நடுவில் இருக்கிற தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். நடக்கச் சொன்னதே பொலிஸ்தான். அந்த நடை ஒவ்வொரு வியாழனும் மூன்றரை மணிக்கு இன்றுவரை நடக்கிறது.

முதலில் இதைத் தொடக்கிய அசுசேனா விஷாஃப்ளோர் என்ற அம்மாவையே அந்த வருசம் டிசம்பரில் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். 2005-இல் எலும்பை வைத்து அடையாளம் கண்டு, சாம்பலை அந்தத் தூணின் அடியிலேயே புதைத்தார்கள். எபே தெ பொனாஃபினிக்கு இரண்டு மகன்மார், ஒரு மருமகள். மூன்று பேரும் 1977-இலும் 78-இலும் போனவர்கள். 1986-இல் தாய்மார் இரண்டாய்ப் பிரிந்தார்கள். எபேயின் பக்கம் நட்டஈடு வேண்டாம் என்றது, எலும்பைத் தோண்டி எடுத்துத் தர வேண்டாம் என்றது. "உயிரோடு கொண்டுபோனார்கள், உயிரோடு வேணும்" என்பதுதான் அவர்களுடைய வாக்கியம். அதை ஸ்பானிஷில் வாசித்துவிட்டு நான் தமிழில் சொன்னேன். "பெரியம்மா சொல்லுற மாதிரியே இருக்கு" என்றார் இவர். மரணச் சான்றிதழும் காசும் தருகிறோம் என்று 2022-இலும் அரசாங்கம் சொன்னபோது கிளிநொச்சிக் கொட்டிலில் இருந்தவர்கள் சொன்னதும் இதுதானே.

வியாழன், 1913-இல் ஓடத் தொடங்கிய பழைய நிலக்கீழ் ரயிலின் ஏ பாதையில் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கினோம். நடந்தே போயிருக்கலாம், ஆனால் வெயில். படியேறி வெளியே வந்தால் சதுக்கம் நிறைந்து வழிந்தது. ரோஸ் நிற மாளிகை நேர் எதிரே. தூணைச் சுற்றி நிலத்தில் வெள்ளை நிறத்தில் தலைத்துணி கீறியிருக்கிறது, வட்டமாய். சனம் அதை மிதிக்காமல் காலை எடுத்து வைத்து நடந்தது. அன்றைக்கு எபேயின் சாம்பலை அந்தத் தூணடியில் சேர்க்கிற நாள் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

செத்தவீடு என்றால் எங்களுக்கு ஒப்பாரி. இங்கே கைதட்டினார்கள். ஓய்ந்து, திரும்பத் தொடங்கி, ஓய்ந்து, திரும்பத் தொடங்கி. "மாத்ரெஸ் தெ லா பிளாசா, எல் புவெப்லோ லாஸ் அப்ராசா" என்று பாட்டாய்ப் பாடினார்கள்: சதுக்கத்து அம்மாக்களே, சனம் உங்களைக் கட்டியணைக்கிறது. உயிரோடு இருக்கிற அம்மாக்களைக் கண்டேன். எண்ணி எடுக்கக்கூடிய சிலர்தான். தொண்ணூறை எட்டினவர்கள், சில்லு நாற்காலியில். முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி அப்படியே.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், எழுபது வயது இருக்கும், மடக்குக் கதிரையில் இருந்தா. சட்டையில் ஒரு பெடியனின் கறுப்பு வெள்ளைப் படம் குத்தியிருந்தது. கையில் மாத்தே. சுரைக்குடுக்கையில் யெர்பா இலைத்தூள், அதற்குள் ஒரு உலோகக் குழல், கக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல். தான் குடித்துமுடித்து, திரும்பவும் தண்ணி விட்டு, என்னிடம் நீட்டினா.

ஒரு குழலில் எல்லோரும் குடிப்பார்கள் என்று வாசித்திருந்தேன். செம்பைக்கூட வாயில் முட்டாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்த நான், ஒரு கணம் தயங்கினேன். வாங்கிக் குடித்தேன். கைப்பு. வெறும் தேத்தண்ணியைவிடக் கைப்பு, புகை மணம், நாக்கின் அடியில் நிற்கிற கைப்பு. ஒரு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால் சரியாய் இருக்கும் என்று தோன்றியது. அடியில் உறிஞ்சுகிற சத்தம் வரும்வரை குடித்துவிட்டுக் கொடுக்க வேணும், கொடுத்தேன். அடுத்தது இவருக்கு.

படத்தைக் காட்டி ஆர் என்று கேட்டேன். "மி எர்மானோ" என்றா. தம்பி. 1976. படத்தைப் பார்த்தால் இருபதுக்கு மேல் மதிக்க ஏலாது. என்னுடைய ஸ்பானிஷில், இவருக்கும் ஒரு தம்பி, பெரியம்மாவின் மகன், 2009, இலங்கை என்று சொன்னேன். அவ இவரைப் பார்த்தா. அவனுடைய பெயர் என்ன என்று கேட்டா. இவர் சொன்னார். அவ சொல்லிப் பார்த்தா, பிழைத்தது. இவர் திரும்பச் சொன்னார். மூன்றாவது தரம் ஓரளவு சரியாய் வந்தது. இவர் தலையாட்டியதும்தான் விட்டா.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு குரல், "முப்பதாயிரம் பேர்!" என்றது. சதுக்கம் முழுவதும் "பிரெசென்தே!" என்று திருப்பிச் சொன்னது. இருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அவோரா?" என்றால் "இ சியெம்ப்ரே!" இப்போதும் எப்போதும். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்கிற சொல்தான் அது, பிரெசென்தே. இவர் சொன்னாரா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆற்றைக் கடந்து உருகுவேயின் கொலோனியாவுக்கு வெளிக்கிட்டோம். ரியோ தெ லா பிளாத்தா, வெள்ளி ஆறு என்று பெயர். நிறம் எங்கள் ஊர்க் குளத்தில் மாரியில் வருகிற செம்மண் தண்ணி. கரையில் நின்றால் மறுகரை தெரியாது, கடல் என்றே நினைப்பீர்கள். பிடித்துக்கொண்டுபோனவர்கள் பலரை மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து உயிரோடு போட்டது இந்தத் தண்ணிக்குள்தான். படகு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. உள்ளே கடை, கோப்பி, இசை எல்லாம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடி ஓரமாகவே இருந்தோம்.

கொலோனியா வடிவான சின்ன ஊர். 1680-இல் போர்த்துக்கேயர் கட்டியது. கல் பதித்த தெரு, தாழ்ந்த ஓட்டு வீடுகள், 1857-இன் வெளிச்சவீடு. எனக்குப் பழைய காலிக் கோட்டைத் தெருக்கள் நினைவுக்கு வந்தன. அங்கே எல்லோரும் கக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலோடுதான் திரிகிறார்கள், அர்ஜென்ரீனாக்காரர்களைவிட மோசம். பின்னேரம் ஊர்ச்சனம் ஆற்றங்கரைக் கற்களில் வந்து இருந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறது. நாங்களும் இருந்தோம். மேற்கே, நாங்கள் விட்டுவந்த நகரத்தின் பக்கம், சூரியன் ஆற்றுக்குள் இறங்கியது.

அங்கே எட்டு மணி என்றால் கிளிநொச்சியில் விடியக்காலை நாலரை. பெரியம்மா எழும்பி முற்றம் கூட்டுகிற நேரம். இவர் அழைப்பெடுத்து, நானும் கேட்கிறபடி சத்தத்தைக் கூட்டினார்.

எல்லாம் சொன்னார். பெரியம்மா "ம்" போட்டுக்கொண்டே கேட்டா.

"எத்தினை வருசமாய் நடக்கினம் எண்டு சொன்னனீ?"

"நாப்பத்தஞ்சு, பெரியம்மா."

தும்புத்தடி சீமெந்தில் உரசுகிற சத்தம் நின்றது.

"மழைக்கு என்ன செய்யிறவையாம்?"

"நடக்கிறவையாம்."

"ஓம், பேந்தென்ன." கொஞ்ச நேரம் கழித்து, "தலையிலை கட்டியிருக்கிற துணி என்னத்துக்காம்?" என்று கேட்டா.

இதை நான் சொன்னேன். தொடக்கத்தில், சனக்கூட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண வேணும் என்று, ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளைக்குக் குழந்தையில் கட்டின துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்களாம், மாமி. அதிலிருந்து வந்ததுதான் அது.

"பிள்ளைக்குக் கட்டின துணியோ?"

"ஓம் மாமி."

"சின்னவனுக்கு நான் பெரியப்பாவின்ரை பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் கட்டினனான். நல்ல துணி. தோய்க்கத் தோய்க்க மெதுவாய் வரும்." தும்புத்தடி திரும்ப உரசத் தொடங்கியது. "நீங்கள் சாப்பிட்டியளே? அங்கை இப்ப ராத்திரியெல்லே."